கைமாற்றுக் கொடுத்த பணம் திரும்பவில்லை: செக் கேஸா, சிவில் வழக்கா, சமரசமா?

வக்கீல் குமாஸ்தாவாக நான் வேலை பார்த்த வருடங்களில் எங்கள் அலுவலகத்துக்கு அதிகம் வந்தது கைமாற்றுக் கடன் விவகாரம்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு, பையனின் காலேஜ் பீஸுக்கு, கடைக்குச் சரக்கு எடுக்க என்று வாங்கிய இரண்டு லட்சம், மூன்று லட்சம். கொடுத்தவரும் வாங்கியவரும் பெரும்பாலும் சொந்தக்காரர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் ஒரே தெரு, ஒரே ஆபீஸ்.

ஒருநாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து, மஞ்சப்பையிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேலே குறுக்காகக் கையெழுத்து, இரண்டு சாட்சி, மடிப்புக்கூடக் கிழியவில்லை. தேதியைப் பார்த்தேன். மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. "நோட்டு நல்லாத்தானே இருக்கு தம்பி?" என்று கேட்டார். நோட்டில் ஒரு குறையும் இல்லை. வழக்குப் போடும் காலம்தான் முடிந்துபோயிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய்க் கேட்டிருக்கிறார். "அடுத்த மாசம் கண்டிப்பா தர்றேன்க்கா" என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். நடுவில் ஒருமுறை அந்த ஆள் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார். அதை நோட்டின் பின்புறத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், அன்றிலிருந்து இன்னும் மூன்று வருடம் கிடைத்திருக்கும். எழுதவில்லை.

அந்த அம்மாவின் முகம் இன்னும் மனசில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். "செக் கேஸ் போடலாமா, சிவிலில் போகலாமா, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாமா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல மூன்று விஷயம் தெரிய வேண்டும். கையில் என்ன தாள் இருக்கிறது, இன்றைக்குத் தேதி என்ன, எதிராளியிடம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி வழிகள் தானாகவே அடைபட்டுவிடும். மிச்சமிருப்பதில்தான் தேர்வு.

முதலில் தேதி

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடன் பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது. எந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய புரோநோட்டுக்கு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து கணக்கு ஓடாது. நோட்டு எழுதிய நாளிலிருந்தே ஓடும். 10.6.2023 அன்று எழுதிய நோட்டுக்குக் கடைசி நாள் 10.6.2026. அதற்குள் வழக்கு கோர்ட்டில் தாக்கலாகியிருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கணக்கு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்காது.

காலத்தை நீட்டிக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. மூன்று வருடம் முடிவதற்குள், கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். கொஞ்சம் பணம் கொடுத்து, அந்த வரவை நோட்டின் பின்பக்கம் தன் கையால் எழுதினாலோ எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டாலோ அப்படியே. நீங்களே வரவு எழுதி வைத்துக்கொள்வது செல்லாது. ஐந்நூறு ரூபாய் வரவுகூடப் போதும், கையெழுத்துதான் முக்கியம்.

காலம் முடிந்த பிறகும் ஒரே ஒரு கதவு உண்டு. பழைய கடனைத் தருகிறேன் என்று அவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அந்த வாக்குறுதியைச் செல்லுபடியாக்குகிறது. ஆனால் அது முழுக்க அவருடைய மனசைப் பொறுத்தது. மஞ்சப்பை அம்மாவுக்கு நாங்கள் சொல்ல முடிந்ததும் இது ஒன்றுதான்.

அடுத்தது, கையில் என்ன தாள்

ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டு இருந்தால் சிவிலுக்கு நல்ல பலம். ஸ்டாம்பு ஒட்டாத நோட்டைக் கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. மற்ற பல பத்திரங்களில் அபராதம் கட்டிச் சரிசெய்கிற வசதி உண்டு, புரோநோட்டுக்கு அது கிடையாது. அப்போது நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, கடன் கொடுத்த சங்கதியையே வேறு சாட்சியங்களால் நிரூபிக்க வேண்டியிருக்கும். ஒரு ரூபாய் ஸ்டாம்புக்கு இவ்வளவு பெரிய விலை.

செக் இருந்தால் செக் கேஸ், சிவில் வழக்கு என்று இரண்டு கதவும் திறக்கும்.

நோட்டும் இல்லை, செக்கும் இல்லை, ஜிபேயில் அனுப்பிய பணம்தான் என்றால்? பேங்க் ஸ்டேட்மென்ட், பணம் போனதை நிரூபிக்கும். கடனாகத்தான் போனது என்பதை நிரூபிக்காது. "அது எனக்கு அவர் தர வேண்டிய பழைய பாக்கி" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அதனால் வாட்ஸ்அப்பில் "அண்ணா, போன வருஷம் வாங்கின மூணு லட்சத்தைத் தை மாசத்துக்குள்ள தந்துடுறேன்" என்று அவர் அனுப்பிய ஒரு செய்தி தங்கத்துக்குச் சமம். அழிக்காதீர்கள், போனை மாற்றினால் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள். கோர்ட்டில் அதைக் காட்ட, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ஆவது பிரிவு கேட்கிற சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதாது.

ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அபராதம் வாங்கியவருக்குத்தான். அதனால் கடனே செல்லாது என்றாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதே ஆண்டில், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கில் சொல்லப்பட்டால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கோர்ட்டுகளுக்கு உத்தரவிட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாதவர் வழக்குக்குப் போகுமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

செக் கேஸ்: வேகமான அழுத்தம், சின்னத் தவறுக்கும் இடமில்லை

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆவது பிரிவு 1989 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் "ஒன் தர்ட்டி எய்ட்" என்றால் எல்லோருக்கும் புரியும். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். இது கிரிமினல் வழக்கு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடப்பது. "கேஸ் ஆயிடுச்சு, கோர்ட்டுக்குப் போய் நிக்கணும்" என்ற அழுத்தமே பல பேரைப் பேச்சுக்கு இழுத்து வந்துவிடும். இதன் பெரிய பலம், செக்கில் கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை நீங்கள் நிரப்பியிருந்தாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

ஆனால் நாள்கணக்கு கடுமையானது. செக்கின் ஆயுள் மூன்று மாதம். பேங்கிலிருந்து திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது அவருக்குக் கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அது முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் புகார். மார்ச் 3 அன்று செக் திரும்பிய மெமோ கைக்கு வந்தால் ஏப்ரல் 2-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஏப்ரல் 10 அன்று அவர் வாங்கினால் 25 வரை காத்திருந்து, மே 25-க்குள் கோர்ட்டில் தாக்கல் செய்துவிடுங்கள். புகார் தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. நோட்டீஸ் தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. செக்கின் ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி பேங்கில் போட்டு, மறுபடி திரும்பி வந்த பிறகு புது நோட்டீஸ் அனுப்பலாம். 2012-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. ஆயுள் முடிந்துவிட்டால் செக் கேஸ் முடிந்தது.

நான் கண்ணால் பார்த்த தோல்விகளில் இரண்டு வகை அடிக்கடி வரும். ஒன்று, நோட்டீசில் தொகை மாறியிருப்பது. செக் மூன்று லட்சத்துக்கு, நோட்டீஸ் வட்டியெல்லாம் சேர்த்து மூன்றே முக்கால் லட்சத்துக்கு, செக் தொகையைத் தனியாகக் கேட்கவே இல்லை என்றால் வழக்கு அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். இரண்டாவது, செக் வாங்கிய பிறகு கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு, முழுத் தொகைக்கே செக்கைப் போடுவது. 2022-இல் உச்ச நீதிமன்றம், வாங்கிய தொகையைச் செக்கிலேயே குறித்து மீதிக்குத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செக் உண்மையான பாக்கியைக் காட்டவில்லை என்று சொல்லிவிட்டது. நாணயமாக நடக்கிறவர்கள்கூட இந்த இடத்தில் தெரியாமல் சிக்குகிறார்கள்.

இன்னொரு கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்: "இவ்வளவு பணம் கொடுக்க உங்களுக்கு ஏது வசதி?" குறுக்கு விசாரணையில் நிச்சயம் வரும். நகை அடகு ரசீது, நிலம் விற்ற பத்திரம், சம்பளக் கணக்கு, எது இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலம்? ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேருவதிலேயே அந்த ஆறு மாதம் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. 2018-இல் வந்த திருத்தத்தால், குற்றத்தை அவர் மறுக்கும்போது செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கலாம். கோர்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை. ஆனாலும் மனுப் போடாமல் விடாதீர்கள். தண்டனை பெற்றவர் மேல்முறையீடு போனால், அபராதத்திலோ இழப்பீட்டிலோ குறைந்தது 20 சதவீதம் கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

யாரை இழுக்க முடியும் என்பதையும் பாருங்கள். கணவன் வாங்கிச் செலவழித்த கடனுக்கு மனைவி செக் கொடுத்திருந்தால், இந்த வழக்கு மனைவிமேல்தான் போகும். செக் கொடுத்தவர் இறந்துவிட்டால் கிரிமினல் வழக்கு அத்தோடு முடிந்துவிடும். சிவில் கடன் அப்படி முடியாது, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து வாரிசுகளிடம் கேட்கலாம்.

இந்த வித்தியாசத்தால்தான் நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். செக் கேஸை மட்டுமே நம்பி மூன்று வருடத்தைத் தாண்டவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து நடத்தச் சட்டத்தில் தடை இல்லை (பணம் இரண்டு முறை கிடைக்காது, ஒன்றில் வந்தது மற்றதில் கழியும்). செக் கேஸ் ஏதோ நுட்பமான காரணத்தால் தள்ளுபடியாகி, திரும்பிப் பார்த்தால் சிவிலுக்கும் காலம் போயிருப்பது தாங்க முடியாத நிலை.

சிவில் வழக்கு: மெதுவானது, ஆனால் சொத்தைத் தொடும்

மூன்று லட்ச ரூபாய்க்கு வழக்கு என்றால், மாவட்டங்களில் உரிமையியல் நீதிமன்றம், அதாவது பழைய முன்சீப் கோர்ட். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் முன்பு 7.5 சதவீதமாக இருந்தது, 2017 திருத்தத்தில் 3 சதவீதமாகக் குறைந்தது. மூன்று லட்சத்துக்கு 9,000 ரூபாய். இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டியிருந்த காலத்தில் கட்டணத்துக்குப் பயந்தே விட்டவர்களை எனக்குத் தெரியும். வக்கீல் பீஸ் தனி.

புரோநோட்டு, செக், எழுத்து ஒப்பந்தம் இவற்றின் பேரில் சுருக்கமுறை வழக்கு போடலாம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளை. சாதாரண வழக்கில் பிரதிவாதி தானாகவே எதிருரை போட்டு வழக்கை இழுக்கலாம். இதில் பத்து நாளுக்குள் ஆஜராகி, பின்பு எதிர்த்து வாதாட அனுமதி கேட்டு வாங்க வேண்டும். சொல்லும் காரணத்தில் சாரமில்லை என்றால் அனுமதி கிடைக்காது, தீர்ப்பு உடனே வரும். நோட்டும் கையெழுத்தும் சுத்தமாக இருக்கும் கடனுக்கு இதைப் பற்றி உங்கள் வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை, வாங்குவது பாதி வேலைதான். அதற்குப் பிறகு ஈ.பி. போட வேண்டும், நிறைவேற்று மனு. அதற்குப் பன்னிரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஈ.பி.யை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அதை உங்கள் வக்கீல் கோர்ட்டில் நினைவுபடுத்தலாம்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது: எடுக்க என்ன இருக்கிறது? எதிராளி மாதச் சம்பளக்காரர் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலக்குள்ள படிகளைக் கழித்த பிறகு வரும் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 31,000 ரூபாய் என்றால் மாதம் 10,000 பற்றுகை செய்யலாம். ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான். ஆக 2,40,000. மூன்று லட்சக் கடனில் இது நிச்சயமான பணம், முதலாளியே பிடித்துக் கட்டிவிடுவார். பென்ஷன், பி.எப். இவற்றைத் தொட முடியாது. விவசாயி குடியிருக்கும் வீடு, உழவுக் கருவி இவற்றையும் ஜப்தி செய்ய முடியாது.

வீடு, மனை இருக்கிறது என்றால் வழக்குப் போடும் முன்பே வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஏற்கெனவே பேங்கில் அடமானமா, போன மாதம் மச்சான் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதியிருக்கிறாரா என்று தெரிந்துவிடும். சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடலாம். கடன்காரர்களை ஏமாற்றவே எழுதி வைத்த பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கவும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இருக்கிறது.

"டிகிரி இருக்கே, பிடிச்சு உள்ள வைக்க முடியாதா?" என்று கேட்பார்கள். சிவில் சிறை உண்டு, மூன்று மாதம் வரை. ஆனால் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். இல்லாமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. எனக்கு இந்தச் சட்டம் சரியாகவே படுகிறது. கடன் கொடுத்தவரின் வலி உண்மையானதுதான், அதற்காக ஒன்றும் இல்லாத ஒரு குடும்பத்தை உள்ளே தள்ளுவதால் யார் பணமும் திரும்பி வராது.

இன்னொன்று, மஞ்சள் நோட்டீஸ். சொத்தைவிடக் கடன் அதிகமாகிவிட்டது என்று அவர் திவால் மனுப் போட்டால், உங்கள் பெயரையும் கடன் கொடுத்தவர் பட்டியலில் சேர்த்து நோட்டீஸ் வரும். "ஐ.பி. கொடுத்துட்டான், அவ்வளவுதான்" என்று கையைக் கழுவிவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். ஆஜராகி, மறைத்த சொத்து இருந்தால் சொல்லுங்கள். முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்த சொத்துகளைத் திரும்பக் கொண்டுவர 1920-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் வழி இருக்கிறது.

போலீஸ், பஞ்சாயத்து

போலீஸுக்குப் போக வேண்டிய கடன் எது, போகக் கூடாதது எது என்பதற்கு ஒரே சோதனைதான். பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா? போலிப் பத்திரம் காட்டினார், இல்லாத நிலத்தைக் காட்டி முன்பணம் வாங்கினார், ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றார் என்றால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் புகார் கொடுங்கள், மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் வாங்கி, கடை படுத்துப்போனதால் தர முடியவில்லை என்றால் அது சிவில் கடன். போலீஸ் கடன் வசூலிக்கும் அமைப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசினால் பணம் வந்துவிடும் என்று ஒரு வருடத்தை அங்கேயே கழித்து, காலவரையறையைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சீட்டுக் கம்பெனி, நிதி நிறுவன டெபாசிட் வேறு கதை. பதிவு பெற்ற சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் போக வேண்டும். டெபாசிட் வாங்கி ஏமாற்றிய நிறுவனம் என்றால் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவு.

அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் கொடுத்த பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றியவர்மேல் கிரிமினல் புகார் கொடுக்கலாம். ஆனால் லஞ்சத்துக்கென்று கொடுத்ததைச் சிவில் கோர்ட்டில் கடன்போலக் கேட்பது மிகக் கடினம், நோக்கமே சட்டத்துக்குப் புறம்பானது.

கட்டப்பஞ்சாயத்துக்காரர்களிடம் போகாதீர்கள். பாதிக்குப் பாதி கேட்பார்கள் என்பது இருக்கட்டும், மிரட்டல் வழக்கில் முதல் எதிரியாக உங்கள் பெயர்தான் வரும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி வாங்கியிருந்தால் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்களே குற்றவாளி. அதோடு எந்தக் கோர்ட் வாசலுக்கும் தைரியமாகப் போக முடியாது.

சமரசம்: நான் முதலில் தட்டச் சொல்லும் கதவு

ஒவ்வொரு வட்டத்திலும் கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. எதிராளிக்கு நோட்டீஸ் போகும். ஒத்துவந்தால் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், முடித்து அவார்டு (சமரச ஆணை) தருவார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிவில் டிகிரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. நடக்கும் வழக்கை அங்கே முடித்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். செக் கேஸில் செய்துகொண்ட லோக் அதாலத் சமரசத்தையும் சிவில் டிகிரிபோல ஈ.பி. போட்டு வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளவர்கள் இவர்களுக்கு வழக்கு நடத்த வக்கீலையே இலவசமாக வைத்துத் தருவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

குறை என்னவென்றால், அவர் வரமாட்டேன் என்றால் வலுக்கட்டாயமாக ஒன்றும் செய்ய முடியாது. மனுக் கொடுத்ததால் மூன்று வருடக் கணக்கு நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம். எனவே கடைசி நாளுக்கு ஒரு வருடம் இருக்கும்போது சமரசத்தைத் தட்டுங்கள். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் வழக்கைப் போட்டுவிட்டு அப்புறம் சமரசம் பேசுங்கள். வழக்கு போட்டதால் உறவு முறிந்துவிடும் என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது, வழக்கு நிலுவையில் இருக்கும்போது பேசிய சமரசங்கள்தான் நான் பார்த்ததில் அதிகம் நின்றிருக்கின்றன.

சரி, என் கையில் மூன்று லட்சத்துக்கு இன்னும் ஆயுள் உள்ள செக்கும், ஒன்றரை வருடம் பழைய நோட்டும் இருந்தால்? செக்கைப் பேங்கில் போடுவேன், திரும்பினால் தொகை மாறாமல் 30 நாளுக்குள் நோட்டீஸ், செக் கேஸ். கூடவே நாட்காட்டியில் நோட்டின் கடைசி நாளுக்கு ஆறு மாதம் முன்னால் ஒரு குறி, அன்றைக்குள் முடியாவிட்டால் சிவில். வெறும் நோட்டு மட்டும், எதிராளி அரசுச் சம்பளக்காரர் என்றால் நேராகச் சுருக்கமுறை வழக்கு. வாட்ஸ்அப் செய்தியும் ஜிபேயும் மட்டும் என்றால் முதலில் பேச்சு, அந்தப் பேச்சில் ஒரு ஒப்புதல் கடிதம், முடிந்தால் லோக் அதாலத். எதிராளியிடம் சொத்தும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் வழக்குச் செலவு செய்யுமுன் தவணைக்கு ஒத்துக்கொள்வேன்.

தொகையை விட்டுக்கொடுப்பதிலும் கணக்கு வேண்டும். இன்று கையில் இரண்டேகால் லட்சம் என்றால், முக்கால் லட்சத்தை விடுவது பலருக்கு வயிறு எரிகிற விஷயம். அந்த எரிச்சல் நியாயமானது. ஆனால் வக்கீல் பீஸ், கட்டணம், லீவு போட்டு அலைகிற நாட்கள், நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தால் அதற்கு ஏறும் வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டிகிரிக்குப் பிறகு கோர்ட் தரும் வட்டியும், வியாபாரக் கடன் அல்லாதவற்றுக்கு ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் போகாது.

தவணைக்கு ஒத்துக்கொண்டால் அவார்டில் எழுதும் வாசகத்தில் கவனமாக இருங்கள். "இரண்டேகால் லட்சத்துக்கு முடித்துக்கொண்டோம்" என்று மட்டும் எழுதினால், அவர் இரண்டு தவணையோடு நிறுத்தினாலும் மீதி அந்தத் தொகைக்குள்தான் கேட்க முடியும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: பாக்கி மூன்று லட்சம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள், இன்ன தேதிகளில் இரண்டேகால் லட்சத்தைத் தவறாமல் கட்டினால் மீதியை வாதி விட்டுக்கொடுக்கிறார், ஒரு தவணை தவறினாலும் முழு மூன்று லட்சத்தில் கட்டியது போக மீதியை வட்டியோடு உடனே கேட்க வாதிக்கு உரிமை உண்டு. தேதிகளைச் சம்பள நாளுக்கு அடுத்த நாளாக வையுங்கள், பணத்தைப் பேங்க் மூலமாக மட்டும் வாங்குங்கள். கடைசித் தவணை வந்த பிறகுதான் புரோநோட்டையும் செக்கையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.